கறிவேப்பிலை: மரமாக விடாமல் புதராக வளர்த்தல்

நற்பிட்டிமுனையில் கிணறும் கொஞ்சம் வளவும் உள்ள வீடென்றால் அங்கே ஒரு கறிவேப்பிலை நிற்கும். அது நிற்கும் கோலமும் பெரும்பாலும் ஒன்றுதான். பத்துப் பன்னிரண்டு அடிக்கு நெடுத்து, அடியெல்லாம் மொட்டையாகி, உச்சியில் மட்டும் குடுமி வைத்ததுபோல் கொஞ்சம் இலை. அடுப்பில் ஆணம் கொதித்துக்கொண்டிருக்க, ஒரு நெட்டு இலைக்காகக் கொக்கத்தடி தேட வேண்டும். கொக்கத்தடியால் இழுத்தால் கொப்பு முறியும். முறிந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே உக்கும். கடைசியில் மரம் வளவுக்குள்ளேயே நிற்க, கல்முனைச் சந்தையில் கறிவேப்பிலை வாங்கி வருகிறோம்.

கறிவேப்பிலை இயல்பிலேயே புதராக வளரக்கூடியது. வேரிலிருந்து கன்று விடும், வெட்டிய இடத்தில் கிளைக்கும், வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டத்துக் காரமடைப் பக்கம் இது வயற்பயிர். அங்கே அதை மரமாக விடுவதில்லை. வெட்டி வெட்டிப் புதராகவே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையும் அதுதான்: செடி ஒரு மீற்றர் உயரம் வந்ததும் நுனியை நறுக்கிவிட்டு, ஐந்தாறு கிளைகளோடு புதராக்க வேண்டும். வீட்டு வளவுக்கும் இதைவிட நல்ல முறை கிடையாது என்பது என் உறுதியான கருத்து. இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. அதற்குமேல் ஓர் அங்குலமும் விட வேண்டாம்.

செடியின் குலம்

இது இந்த மண்ணின் செடி. இந்தியாவிலும் இலங்கையிலும் காடுகளில் தானாகவே முளைத்து வளர்கிறது. 1768இல் தரங்கம்பாடியின் டேனிஷ் குடியேற்றத்துக்கு வந்த கோனிக் என்ற மருத்துவர் தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்துத் தன் ஆசிரியர் லின்னேயஸுக்கு அனுப்பினார். லின்னேயஸ் 1771இல் இந்தச் செடிக்கு அவருடைய பெயரையே சேர்த்துப் பெர்கேரா கோனிகி என்று பெயரிட்டார். பிறகு நெடுங்காலம் முராயா என்ற இனத்தில் அதை வைத்திருந்தார்கள். இப்போது தாவரவியலாளர் பலர் பழைய பெயருக்கே திரும்பியிருக்கிறார்கள்.

தோட்டம் செய்கிறவருக்குப் பெயரைவிடக் குடும்பம் முக்கியம். தேசி, தோடை, விளா, வில்வம் எல்லாம் சேர்ந்த குடும்பத்தில்தான் கறிவேப்பிலையும் இருக்கிறது. ஒரு சிற்றிலையைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் ஒளி ஊடுருவும் நுண்ணிய புள்ளிகள் நிறையத் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். தாளிக்கும்போது எழும் மணம் அந்தப் புள்ளிகளுக்குள்தான் அடைபட்டிருக்கிறது. தேசி இலையை இப்படிப் பிடித்தாலும் அதே புள்ளிகளைக் காணலாம். ஆகவே தேசிக்கு வரும் புழு இதற்கும் வரும், தேசி வெறுக்கும் மண்ணை இதுவும் வெறுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி எளிதாக விளங்கும்.

நம் மண், நம் காற்று

கிழக்கே கடல், மேற்கே வாவியும் வயலும். இரண்டுக்கும் நடுவே நம் ஊர் கிடக்கிறது. கடல் பக்கத்து வளவுகள் மணல். தண்ணீர் ஊற்றிய மறுநிமிடமே இறங்கிவிடும், பசளையும் அதோடு போய்விடும். கிட்டங்கிப் பக்கமாகப் போகப் போக மண் கறுத்து இறுகும். மாரியில் தண்ணீர் நாட்கணக்கில் தேங்கும். கறிவேப்பிலைக்கு மணலின் வறட்சி பொறுத்துக்கொள்ளக்கூடியது. தேங்கிய தண்ணீர் அப்படியல்ல. வேர் மூச்சடைத்து அழுகினால் செடி இரண்டு வாரத்தில் இலையுதிர்த்துச் சாகும், காப்பாற்ற வழியில்லை.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. காய்ந்து, சூடேறி, மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றில் இளங்கன்று ஒரே பகலில் சுருண்டுவிடும். ஆகவே நடும் காலத்தை வளவைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மேட்டு மணல் வளவென்றால் முதல் மழை விழுந்ததும், ஒக்டோபரிலேயே நடுங்கள். மாரி முழுவதும் வேர் ஓடட்டும். தண்ணீர் நிற்கும் வளவென்றால் அவசரப்படாமல் ஜனவரிக் கடைசி, பெப்ரவரி வரை பொறுங்கள். அதுவும் ஓர் அடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி, மேட்டின் மேல் நடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து உப்புக் கரித்தால், அந்தத் தண்ணீரை இளங்கன்றுக்கு ஊற்ற வேண்டாம். இலை நுனி பழுப்பாகக் கருகத் தொடங்குவது உப்பின் முதல் அடையாளம். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்துக் கிணறுகள் உப்பாகிப்போனதும், மாரி மழை திரும்பத் திரும்பப் பெய்து அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கியதும் நம் கண்முன் நடந்தவை. வளவு மண்ணிலும் அதுவே நடக்கிறது: கோடையில் உப்பு மேலே ஏறும், மாரியில் இறங்கும். மழை கழுவிய மண்ணில் நட்ட கன்று உப்பில்லாத மண்ணில் வேர் பிடிக்கும்.

கன்று எடுப்பது

விதையிலிருந்தும் எடுக்கலாம், வேர்க்கன்றையும் பிரிக்கலாம். வீட்டுக்கு ஒன்றிரண்டு செடி போதுமென்றால் வேர்க்கன்றே மேல். மணம் நல்ல செடியின் கன்றில் அதே மணம் வரும். விதைச் செடி எப்படி வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆகவே கன்று கேட்கப் போகும்போது முதலில் தாய்ச்செடியின் இலையைக் கசக்கி மணந்து பாருங்கள். மணம் மந்தமாக இருந்தால், ராத்தாவின் வீட்டுச் செடி என்றாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

வேர்க்கன்று எடுப்பதில் பலர் செய்வது, கண்ட அன்றே இழுத்துப் பிடுங்குவது. அந்தக் கன்றுக்கெனத் தனி வேர் இருக்காது. தாயின் வேரிலிருந்துதான் அது குடித்துக்கொண்டிருக்கும். ஒரு சாண் உயரக் கன்றைத் தெரிந்தெடுத்து, தாய்மரத்துக்கும் அதற்கும் நடுவே அலவாங்கை நேராக இறக்கி, இணைக்கும் வேரை அறுத்துவிட்டு, கன்றை அங்கேயே விட்டுவிடுங்கள். நாளுக்கு ஒரு செம்புத் தண்ணீர். ஒரு மாதம் போனதும் அது தன் வேரை விட்டிருக்கும். பிறகு மண்கட்டியோடு தோண்டி எடுத்து, பொலித்தீன் பையில் வைத்து, நிழலில் தேற்றி, மாரியில் நடலாம். வேரை அறுக்க ஏற்ற காலம் செப்டெம்பர்.

விதை என்றால் வேகம் வேண்டும். கோடையின் பிற்பகுதியில் காய் சிவந்து, பிறகு கறுக்கும். நன்கு கறுத்த பழத்தை நசுக்கி, சதையைக் கழுவி நீக்கிவிட்டு, மூன்று நான்கு நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும். காயவைத்துப் போத்தலில் போட்டு வைத்த விதை முளைக்காது. இது வெண்டி, கத்தரி போலச் சேமிக்கும் விதையல்ல. பழத்தின் சதை இனிக்கும், சிறுவர் தின்பார்கள். விதையை மட்டும் கடித்து விழுங்க விட வேண்டாம். விதையில் வந்த கன்று நடும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வருடமாகும்.

குழியும் ஊட்டமும்

ஓர் அடி நீளம், அகலம், ஆழம் போதும் என்று நூல்கள் சொல்லும். நம் மணலுக்கு நான் ஒன்றரை அடி வெட்டச் சொல்வேன். அடியில் தென்னம் பொச்சு மட்டைகளை உட்புறம் மேல்நோக்கி இருக்க ஓர் அடுக்கு அடுக்குங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்திருந்து வேருக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். அதன் மேல் உக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் பாதிக்குப் பாதி. கடையில் வாங்கிய தும்புச்சோறு சேர்ப்பதென்றால் ஒருமுறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். அதிலும் உப்பு இருக்கும். இறுகிய மண் வளவில் பொச்சு வேண்டாம், மேடும் எருவும் போதும். இரண்டு மூன்று செடிகளை வேலியோரம் நிரையாக வைப்பதென்றால் நாலடி முதல் ஐந்தடி இடைவெளி விடுங்கள். நாளில் பாதி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் இலை மெலிந்து மணமும் குறையும். மதிலோரத்து நிழல் இதற்கு ஆகாது.

சாம்பல் கொட்டும் வழக்கத்தை இந்தச் செடியோடு நிறுத்திவிட வேண்டும். சிப்பித்தூள் கலந்த கடற்கரை மண் பல இடங்களில் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. சாம்பல் அதை இன்னும் கூட்டும். காரம் கூடினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதை எடுக்க முடியாது. இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் காரணம் அதுதான். அதற்கு மேலும் யூரியா போடுவதால் பயனில்லை. எருவும் கூட்டெருவும் தொடர்ந்து போடப் போட மண் தணியும்.

கறிவேப்பிலைக்கு மோர் ஊற்றுவது தமிழர் பல ஊர்களிலும் கைக்கொள்ளும் வழக்கம். நம் பக்கத்தில் மோரைவிடத் தயிர்ச்சட்டி அதிகம். எருமைத்தயிர் தீர்ந்த மண்சட்டியைக் கழுவும் தண்ணீரை வீணாக்காமல் செடியடியில் ஊற்றுங்கள். புளித்த தண்ணீர் மண்ணின் காரத்தைச் சற்றே தணிக்கும், மண்ணுயிர்களுக்கும் உணவாகும். மீன் கழுவிய தண்ணீரும் அரிசி கழுவிய தண்ணீரும் அப்படியே. மீன் தண்ணீரை அடித்தண்டில் ஊற்றாமல் ஓர் அடி தள்ளி ஊற்றி மண்ணால் மூடுங்கள், இல்லாவிட்டால் பூனை வந்து கிளறும். கருவாடு ஊறவைத்த தண்ணீர் ஒருபோதும் வேண்டாம். இவற்றோடு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு வாளி எரு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டு வயல்காரர் தவித்தபோது, வளவுக் கறிவேப்பிலைக்கு எந்தக் குறையும் வரவில்லை; அதற்கு வேண்டியதெல்லாம் குசினியிலும் மாட்டுப்பட்டியிலும் இருந்தது.

கச்சான் காலத்தில் வைக்கோலோ சருகோ நாலு விரல் கனத்துக்கு அடியில் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் ஒரு கை அகலம் விட்டுப் பரப்பினால் கறையான் தண்டில் ஏறாது.

வெட்டு

இந்தச் செடி வாழ்வதும் கெடுவதும் இலையை எடுக்கும் முறையால்தான். நாம் பழகியிருப்பது உருவுவது. கைக்கு எட்டும் கொப்பைப் பிடித்து, இலையைக் கீழ்நோக்கி இழுத்து எடுக்கிறோம். அந்த இழுப்பில் நடப்பதை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் மூலையில் கடுகளவில் ஒரு பச்சை முளை இருக்கும். அடுத்த கிளை அதிலிருந்துதான் வரவேண்டும். இலையைக் கீழே இழுக்கும்போது காம்போடு ஒரு துளிப் பட்டையும், சிலவேளை அந்த முளையும் உரிந்து வந்துவிடும். அந்த இடம் காய்ந்து தழும்பாகும், மறுபடி அங்கே எதுவும் முளைக்காது. இப்படிக் கைக்கெட்டிய இடமெல்லாம் உருவி உருவித்தான் மரம் மொட்டையாகிறது. எட்டாத உச்சி மட்டும் தழைத்து மேலே மேலே போகிறது.

சமையலுக்கு எடுக்கும்போது இளங்கொப்பின் நுனியைக் கத்திரிக்கோலால் வெட்டுங்கள். அடியில் இரண்டு மூன்று இலைகளை விட்டு, அவற்றுக்குச் சற்று மேலே வெட்டு விழட்டும். நுனி போனதும் செடியின் ஊட்டம் அந்த மூலை முளைகளுக்குப் போகும். வெயிலும் ஈரமும் உள்ள காலத்தில் இரண்டு வாரத்துக்குள் ஒன்றுக்கு இரண்டு மூன்று தளிர் புறப்பட்டுவிடும். அவை ஒரு சாண் வந்ததும் மறுபடி வெட்டலாம். ஒரு பக்கத்திலேயே வெட்டாமல், இன்று கிழக்கு என்றால் நாளை மேற்கு என்று சுற்றி வாருங்கள்.

முதல் வருடம் இலைக்கு ஆசைப்பட வேண்டாம். ஒரு மீற்றர் எட்டியதும் தலையை நறுக்குங்கள். அதுவே முதல் அறுவடை. பூங்கொத்து வந்தால் அதையும் கிள்ளி எறியுங்கள். வெள்ளையாக, நல்ல மணத்தோடு பூக்கும், எறிய மனம் வராதுதான். ஆனால் காய் பிடித்த கொப்பில் தளிர் வருவது தடைப்படும். விதை வேண்டுமென்றால் ஒரு கொப்பை மட்டும் விடுங்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவை ஆழமாக வெட்ட வேண்டும், முழங்கால் உயரத்துக்கு. மாரி ஓய்ந்த பெப்ரவரி ஒன்று, மழைக்கு முந்திய செப்டெம்பர்க் கடைசி மற்றொன்று. கச்சான் வீசும் மாதங்களில் ஆழவெட்டு வேண்டாம். தளிரும் தண்டும் அந்த வெயிலில் வெந்துபோகும்.

புழுவும் பூச்சியும்

இலை ஓரம் ஓரமாகக் கடிபட்டிருந்தால் இலையின் மேற்பக்கத்தைத் தேடுங்கள். குருவி எச்சம் விழுந்துகிடப்பதாகத் தோன்றும், கறுப்பும் வெள்ளையுமாக. விரலால் மெல்லத் தொட்டால் எச்சம் தலையை உயர்த்தும், தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டி, புளித்த கடும் வாடையொன்றை விடும். அது தேசி வண்ணத்துப்பூச்சியின் புழு. குருவியை ஏமாற்றத்தான் அந்த எச்ச வேடம். வளர்ந்தபின் வேடத்தைக் களைந்து இலைப்பச்சையாகிவிடும், அப்போது கண்ணில் படுவது கடினம். தின்பதும் அப்போதுதான் அதிகம். இளஞ்செடியை நாலைந்து புழு சேர்ந்து சில நாளில் ஈர்க்குமட்டும் ஆக்கிவிடும்.

இதற்கு மருந்து கை. காலையில் சமையலுக்கு இலை வெட்டப் போகும்போதே தளிர்களைப் பார்த்து, மஞ்சள் முத்துப்போல் ஒற்றையாக இருக்கும் முட்டையையும் சிறு புழுவையும் எடுத்துவிடுங்கள். செடி இடுப்பளவில் இருந்தால் இது இரண்டு நிமிட வேலை, பன்னிரண்டடி மரத்தில் முடியாத வேலை. வளவில் இடமிருந்தால் எடுத்த புழுவைக் கொல்லாமல் பழைய காட்டுக் கறிவேப்பிலை ஒன்றில் விடுங்கள். அந்த வண்ணத்துப்பூச்சியும் இந்த மண்ணுடையது.

இன்னொன்று சில்லா எனப்படும் மிகச் சிறிய சாறுறிஞ்சி. மூன்று நான்கு மில்லிமீற்றர்தான். தலையை இலையில் ஊன்றி, பின்பக்கத்தை மேலே உயர்த்திச் சரிவாக உட்கார்ந்திருக்கும், அந்த இருப்பை வைத்தே அடையாளம் காணலாம். குஞ்சுகள் தளிரில் மொய்த்து வெள்ளை மெழுகு இழைகளை விடும். தளிர் சுருளும். கறிவேப்பிலைக்கு இது பெரிய ஆபத்தல்ல. சுருண்ட நுனியை வெட்டிப் புதைத்துவிட்டுத் தண்ணீரைப் பலமாக அடித்தால் தணியும். ஆபத்து தேசிக்கும் தோடைக்கும்தான். அவற்றைப் பச்சையாதல் நோய் என்ற கொல்லி நோய்க்கு ஆளாக்குவது இதே பூச்சி. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1998இல் இந்தப் பூச்சியும் 2005இல் நோயும் கண்டுபிடிக்கப்பட்டன; அதன்பின் அங்கே தோடைத் தோட்டங்கள் பேரழிவைச் சந்தித்தன. பச்சைக் கறிவேப்பிலையைப் பயணப் பையில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோக விடாததற்குக் காரணம் இதுதான். ஆகவே உங்கள் தேசிமரத்துக்குப் பக்கத்தில் கறிவேப்பிலையை நட வேண்டாம். வளவின் எதிர் மூலைக்குக் கொண்டுபோங்கள்.

பூச்சிமருந்து பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வயலுக்கு அடித்து மிஞ்சிய மருந்தை வளவுக் கறிவேப்பிலைக்கும் விசிறுவது கொடுமையான பழக்கம். இது தோல் உரித்துச் சமைக்கும் காயல்ல. இலையை அப்படியே ஆணத்திலும் சொதியிலும் சுண்டலிலும் போடுகிறோம், இலைக்கஞ்சிக்குப் பச்சையாகவே அரைக்கிறோம். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலையை ஐரோப்பிய ஒன்றியம் பூச்சிமருந்து எச்சத்துக்காகத் தனிக் கவனத்தோடு பரிசோதிக்கும் பட்டியலில் வைத்ததற்குக் காரணமும் இந்த மிகையான விசிறல்தான். வீட்டில் ஒரு செடி வைப்பதன் முழுப் பயனே நஞ்சில்லாத இலை. செதிலும் வெள்ளைப் பஞ்சுப் பூச்சியும் ஒட்டிக்கொண்டு எறும்பு ஊர்ந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலந்து மாலையில் விசிறுங்கள். ஒரு வாரம் அந்தப் பக்கத்து இலையை எடுக்காமல், பிறகு கழுவிப் பாவியுங்கள். அதற்கும் அடங்காத நோயென்றால் ஒரு கொப்பை வெட்டிக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

நெடுத்த மரத்தை மீட்பது

வாப்பாவோ உம்மம்மாவோ நட்ட மரம் கூரைக்கு மேலே போய்விட்டது என்று அதைத் தறித்துவிட வேண்டாம். வேர் ஆழமாக ஓடிய பழைய மரம் நல்ல புதராகும். பெப்ரவரியில், முதலில் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். வாளால் அறுத்து, வெட்டு முகத்தைச் சரிவாக விடுங்கள், தண்ணீர் தங்காது. அடியிலே எரு போட்டு, வாரம் இரண்டு தடவை நிறையத் தண்ணீர் கொடுங்கள். தண்டில் புதுத் தளிர்களும் அடியில் வேர்க்கன்றுகளும் வந்ததை உறுதிசெய்துகொண்டு, செப்டெம்பரில் முழங்கால் அளவுக்கு இறக்குங்கள். ஒரே வெட்டில் தரைமட்டமாக்கினால் வயதான மரம் சிலவேளை திரும்பாது. வேர்க்கன்றுகளில் தடித்த மூன்று நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை முன்சொன்னபடி பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

வளவே இல்லாமல் சீமெந்துத் தளம் போட்ட வீடுகளில் தொட்டி போதும். ஒன்றேகால் அடி வாய் அகலமாவது இருக்க வேண்டும், அடியில் துளைகள் கட்டாயம். தொட்டிச் செடிக்குக் கோடையில் நாள்தோறும் தண்ணீர் வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, வேரின் வெளிச்சுற்றில் இரண்டு விரல் கனத்தை அறுத்து, புது மண் போட்டுத் திரும்ப வையுங்கள்.

ஆழவெட்டு வெட்டும் நாளில் ஒரு வீட்டால் தின்ன முடியாத அளவு இலை சேரும். அயல் வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதியைக் கழுவி, ஈரம் போக வடியவிட்டு, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். வெயிலில் காய்ந்த இலை பழுத்து மணமிழக்கும். நொறுங்கும் பதம் வந்ததும் அப்படியே போத்தலில் அடைக்கலாம், அல்லது வறுத்த மிளகு, சீரகத்தோடு திரித்துத் தூளாக்கலாம். பச்சையாகவே வேண்டுமென்றால் நெட்டோடு பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வையுங்கள். எடுத்த கையோடு, உருகவிடாமல், நேரே கொதிக்கும் எண்ணெயில் போட வேண்டும்.